பிப்ரவரி இருபது, மதியச் சாப்பாடு

அந்தத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்கள் நாற்பது பேர். இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவோம் என்று நினைக்கிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இதைப் படித்துவிடுங்கள். ஒரு நாள் நான் எழுந்து நின்று வாசித்ததற்கு நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். உங்களுக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

வருஷா வருஷம் பிப்ரவரி இருபது வந்தால் பேப்பரில் அந்தப் பழைய படத்தைப் போட்டுவிடுகிறார்கள். பண்டார் ஹிலிர் திடல், எண்ண முடியாத தலைகள், மேடையில் லண்டனிலிருந்து திரும்பிய தலைவர். சுதந்திரம் எந்தத் தேதியில் என்று முதன்முதலாகச் சொன்னது நம் மலாக்காவில்தான் என்பதைப் பேத்தி பள்ளியில் படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துகிறாள். "நீங்க அங்க இருந்தீங்களா பாட்டி?" என்று கேட்கிறாள். இருந்தேன். வரலாறு நடந்த நேரத்தில் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், ஒரு விதவையின் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். விதவை என்று ஊர் சொன்னது, அவர் சொன்னதில்லை. நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மலாய்க்காரிகள் உடுத்தும் சாரோங் கெபாயா, நெற்றியில் விபூதி. மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவார். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே கலந்துவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம், அதனால் வாயைத் திறந்தால் மலாய். சாமி, பூசை, மாமா, மாமி என்று நடுநடுவே நம் சொற்கள் சில வந்து விழும், அவ்வளவுதான். நாங்கள் அவரை வீட்டுக்காரம்மா என்போம். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்பேன், அப்போதும் அதே கேள்விதான்.

அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

"சாமி கும்புடுறது மாரியம்மன, பேசுறது மலாய், உடுத்துறது சாரோங். இதுல எத நம்புறது?"

சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டிய அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். "நீ நம்பி என்னா செய்யப் போற? நம்மளுக்கு எடம் குடுத்தாங்கல்ல, அது போதும்லா."

சந்தேகம் எனக்கு அம்மா வழிச் சொத்து. அதோடு தோட்டத்திலிருந்தும் கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன். ஆறு வயதுவரை நாங்கள் இருந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். கேட்டில் பெண்களை நிறுத்தி மடியை உதறச் சொல்வார்கள். காட்டு ஆட்களுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் குற்றம். எங்கள் அடுத்த வீட்டு அத்தை பால் டின்னுக்குள் அரிசி வைத்திருந்தாள் என்று பிடித்துப் போனார்கள். அவள் மகளும் நானும் ஒன்றாகக் கோலி விளையாடுவோம். அத்தை திரும்பி வரவே இல்லை. ஆகவே, ஒருத்தி யாருக்கோ ஒளித்துச் சோறு போட்டால் அவளுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

ஐம்பத்தாறாம் வருஷம், பிப்ரவரி இருபது. லாரியில் ஏறி எல்லாரும் திடலுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா மட்டும் வரவில்லை. அப்பா வாசலில் நின்று அழைத்தார். அவர் சிரித்துத் தலையாட்டி, இன்று வீட்டில் வேலை இருக்கிறது என்று மலாயில் சொன்னார். ஊரே திரண்டு போகும் நாளில் அப்படி என்ன வேலை என்று அம்மா லாரியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

திடலில் வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா எனக்கு ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தார். சீவிய ஐஸைக் கையால் அழுத்தி உருட்டி, மேலே சிவப்புப் பாகு ஊற்றித் தருவார்களே, அதுதான். உறிஞ்ச உறிஞ்சச் சிவப்பு முழுக்க வாய்க்குள் போய், கையில் வெள்ளைக் கட்டி மட்டும் நிற்கும். ஒன்று தின்றுவிட்டு அழுது இன்னொன்று வாங்கினேன். அப்பா தோளில் உட்கார்ந்திருந்தபோது மேடையில் யாரோ பேசினார்கள். திடீரென்று கூட்டம் முழுக்க "மெர்டேக்கா!" என்று கத்தியது, சுதந்திரம் என்று. அந்தச் சத்தத்தில் நான் வாந்தி எடுத்துவிட்டேன். அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அது ரத்தம் என்று நினைத்துப் பதறிப்போனார். அப்பா அழுதுகொண்டே சிரித்தார். அவர் அழுதது சுதந்திரத்துக்கா சட்டைக்கா என்று அம்மா பிற்பாடு பலநாள் கேலி செய்தாள்.

அம்மா என்னை மூன்று சக்கர ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டாள். நான் மெல்ல முன்பக்கம் போனேன். வீட்டுக்காரம்மா பின்னால் கிணற்றடிப் பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் பலகைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. கண்ணை வைத்தேன்.

மேசை மேல் பீங்கான் தட்டில் சோறு. ஒரு கிண்ணத்தில் மீன் பிண்டாங், புளியும் மஞ்சளும் கலந்த வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது. கண்ணாடித் தம்ளரில் கறுப்பு பீர். நாற்காலி முதுகில் இஸ்திரி போட்ட ஆம்பிளைச் சட்டை. மேசைக்கு அடியில் பழுப்புத் தோல் சப்பாத்து, நுனி கதவைப் பார்த்தபடி. தட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாசரில், சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. ஆனால் புகை வந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளறைக்குப் போயிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டிலும் செத்தவர்களுக்குப் படைப்போம். தாத்தாவுக்குக் கள்ளும் கருவாடும் வைத்து, அம்மா திரையை இழுத்துவிட்டு, எங்களை வெளியே நிறுத்துவாள். இதை ஏன் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். எங்கள் படையலில் படம் இருக்கும், மாலை இருக்கும், குத்துவிளக்கு எரியும். செட்டிக் குடும்பங்களும் போகியன்று முன்னோர்களுக்கு வாழை இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்தித்தான் படைப்பார்கள். வீட்டுக்காரம்மாவும் அவர் சொந்தக்காரர்களோடு சேர்ந்து செய்ததை ஒரு மாசம் முன்னால்தான் பார்த்திருந்தேன். இந்த மேசையில் படம் இல்லை, விளக்கு இல்லை, இலை கூட இல்லை. உயிரோடிருக்கிற ஒருவனுக்கு வைத்த சாப்பாடு.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணம் நிறைய மீன் பிண்டாங் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார். அம்மா கிண்ணத்தையே பார்த்தாள். "ஒத்த ஆளுக்கு இம்புட்டு மீனு எதுக்கு?"

அதன்பின் ஒரு வருஷம் நான் துப்பறிந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். அவர் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனால் அலமாரியில் ஐம்பது சிகரெட் கொள்ளும் வட்ட டின் இருந்தது. மாசத்துக்கு ஒரு தரம் அந்தச் சப்பாத்துக்குப் பாலிஷ் போடுவார். கொடியில் அவர் கெபாயாக்களுக்கு நடுவே அந்த ஆம்பிளைச் சட்டை காயும்.

"ஆம்பள இல்லாத வீட்டுல ஆம்பள சட்டை எதுக்குக் காயுது?" என்றாள் அம்மா.

"அந்தம்மா சட்டை, அந்தம்மா கொடி. உனக்கு ஏன்லா?" என்றார் அப்பா.

அம்மாவின் சந்தேகம் வேறு ரகம் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் விளங்கியது. என் சந்தேகம் காட்டைப் பற்றியது. மலாக்கா நகரத்தில் அப்போது கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள், அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் நடக்கலாம். ஆனால் சட்டம் தளர்ந்த வேகத்தில் பயம் தளர்வதில்லை. வீட்டுக்காரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடுத்த வீட்டு அத்தையின் பால் டின்தான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் அவர் வீட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். பலசரக்குக் கடையில் கொடுப்பார்களே, ஒவ்வொரு தேதிக்கும் நாலு பாஷையில் எண் போட்டது. புது வருஷக் காலண்டரில் பிப்ரவரி இருபதைச் சுற்றிக் கரியால் ஒரு வட்டம்.

இனி நம் வாத்தியார். நினைவிருக்கிறதா, அந்த வருஷம் அவர் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். சுதந்திரம் வரப்போகிறது, சொந்த ஊரின் கதை தெரியாத பிள்ளைகளாக இருக்கக்கூடாது என்று சொல்லி, கரும்பலகை ஓரத்தில் "மலாக்காவில் இந்த நாள்" என்று எழுதினார். தினம் ஒரு பிள்ளை, வரிசைப்படி, அந்தத் தேதியில் நம் ஊரில் என்ன நடந்தது என்று விசாரித்து எழுதி வர வேண்டும். போர்த்துக்கீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான் என்று எழுதினோம். பாதி பேர் தேதியைக் கூசாமல் இட்டுக்கட்டினீர்கள், எனக்குத் தெரியும். நன்றாக இருந்தால் வாத்தியார் அதை வண்ணச் சாக்குக்கட்டியால் எழுதி, மறுநாள்வரை அழிக்காமல் வைப்பார். எனக்கு அந்த வண்ணச் சாக்குக்கட்டி வேண்டும். வேறு காரணம் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

வரிசை எண்ணிப் பார்த்தால் பிப்ரவரி இருபது எனக்கு விழுந்தது. "அதிர்ஷ்டக்காரி, உனக்குத் தேட வேண்டிய வேலையே இல்ல," என்றார் வாத்தியார். அதுதான் எனக்கு எரிச்சல். திடலில் நடந்ததை எல்லாருமே பார்த்தார்கள். அதற்கு யார் வண்ணச் சாக்குக்கட்டி தருவார்கள்? முந்தின நாள் சாயங்காலம் அப்பா என் நோட்டுக்குப் பழுப்புக் காகிதத்தில் புது அட்டை போட்டுக் கொடுத்தார். மூலையை மடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு, நறுக்காமல் உள்ளுக்குள் செருகிவிடுவார். அவர் லாரியைக் கழுவப் போன பிறகு நான் எழுதினேன்.

வகுப்பில் எழுந்து வாசித்தேன். சென்ற வருஷம் இதே நாளில் சுதந்திரத் தேதி அறிவிக்கப்பட்டது என்று இரண்டு வரி. பிறகு: அதே நாளில் எங்கள் வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திவிட்டு, மறைந்திருக்கும் ஓர் ஆளுக்குச் சோறும் மீனும் பீரும் சிகரெட்டும் கொடுத்தார். அந்த ஆள் காட்டிலிருந்து வருகிறவன். நேற்று சந்தையில் வீட்டுக்காரம்மா மீன் வாங்கினார், சிகரெட் வாங்கினார், சட்டைக்கு இஸ்திரி போட்டார். இன்று மதியம் அவன் மறுபடியும் வருவான்.

நீங்கள் கை தட்டினீர்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுந்தே நின்றீர்கள். வாத்தியார் தட்டவில்லை. என் நோட்டை வாங்கி மூடினார்.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சார்."

அவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது வாய்கள். அதில் இரண்டு பேரின் அப்பாக்கள் போலீசில் இருந்தார்கள். சாக்குக்கட்டித் தூள் ஒட்டிய கையோடு, என் நோட்டையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அவரை வெகுகாலம் திட்டியிருக்கிறேன். இப்போது அவருடைய அன்றைய வயதைப் போல மூன்று மடங்கு எனக்கு. மறைத்தால் தன் வேலை போகும், தன்னையே பிடித்துப் போவார்கள் என்று நடுங்கிய இளவயசுக்காரர்தான் அவர். என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். யாருக்கும் யாரையும் கேட்கத் தோன்றாத காலமாக இருந்தது.

பள்ளி விட்டு நான் வீட்டுக்கு ஓடியபோது வாசலில் போலீஸ் வண்டி. அரைக்கால் சட்டை போட்ட இரண்டு மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள், வெள்ளைச் சட்டையில் ஒரு துப்பறியும் அதிகாரி, மலாய்க்காரர். அப்பா சாப்பிட வந்தவர், லாரிச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால். வீட்டுக்காரம்மா கிணற்றடிப் பலகையில், சென்ற வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தார்.

அதிகாரி மலாயில் கேட்டார், உள்ளே யார்?

"லாக்கி சாயா," என்றார் வீட்டுக்காரம்மா. என் வீட்டுக்காரர்.

அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்குள் ஒரு குதிப்பு வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. அந்தக் குதிப்புக்காகத்தான் இத்தனை வருஷமாக வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்காரம்மா எழுந்து ஓடி வந்தார். இப்போது திறக்காதீர்கள், கொஞ்ச நேரம், ஒரு சிகரெட் தீரும் நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினார். அதைக் கேட்டதும் அவர்களுக்கு அவசரம் கூடியது. ஒருவன் தோளால் இடித்தான். தாழ்ப்பாள் தெறித்து, கதவு சுவரில் மோதியது.

சோறு. மீன். பீர். சட்டை. சப்பாத்து. சாசரில் பாதி எரிந்த சிகரெட், காற்று பட்டதும் புகை கலைந்தது. உள்ளறை, கட்டிலடி, தண்ணீர்ச் சாடி எல்லாம் பார்த்தார்கள். யாரும் இல்லை. அதிகாரி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கை படாத சோற்றைப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது. இரண்டு போலீஸ்காரர்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, உடைந்த கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தப் பார்த்தார். அது சாத்திக்கொள்ளவில்லை.

"டியா பெலும் ஹாபிஸ் மாக்கான்," என்றார் வீட்டுக்காரம்மா. அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

பிறகு சொன்னார், யாரைப் பார்த்தும் இல்லை. ஜப்பான்காரன் வந்த வருஷம். சிங்கப்பூர் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவர் இங்கிலீஷ்காரனின் தொண்டர் படையில் இருந்தவர், ஒளிந்திருந்தார். பிப்ரவரி இருபது மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நாலு வாய் கூடச் சாப்பிடவில்லை, கதவை உடைத்து வந்து, எச்சில் கையோடு கூட்டிப் போனார்கள். அதன்பின் சேதியும் இல்லை, உடம்பும் இல்லை. செத்தவர்களோடு சேர்த்துப் படை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். செத்ததை யார் பார்த்தது? அதனால் படமும் விளக்கும் வைக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சாப்பாட்டை மறுபடி எடுத்து வைக்கிறேன். முடிக்கட்டும் என்றுதான். கதவைச் சாத்தி வைத்தால் யாரும் வர மாட்டார்கள் அல்லவா?

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா நிமிர்ந்தார். "சாப்பா காசி தாவ்?" யார் சொன்னது?

அதிகாரியின் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு அட்டை. நறுக்காமல் உள்ளுக்குள் செருகிய மூலை. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"சாயா," என்றார் அப்பா. நான்தான்.

அதிகாரி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். நோட்டைப் பைக்குள் ஆழமாக அழுத்திக்கொண்டு, வீட்டுக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரம் இருந்தது. அப்பா சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்ற அந்த நேரம் முழுக்க எனக்காக இருந்தது.

அன்று சாயங்காலம் மீன் பிண்டாங் வரவில்லை. தட்டு, கிண்ணம், தம்ளர் எல்லாவற்றையும் அவர் பின் சாக்கடையில் கவிழ்ப்பதைப் பார்த்தேன். "சுடா மாக்கான்?" என்று அதன்பின் எங்களை யாரும் கேட்கவில்லை. மாசம் முடிவதற்குள் நாங்கள் புக்கிட் காதிலுக்கு வீடு மாறினோம். போகும் முன் அப்பா புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, சுத்தியலும் கையுமாக அந்தக் கதவைச் சரி செய்தார். அவர் முடிக்கும்வரை வீட்டுக்காரம்மா முதுகைக் காட்டியே நின்றார். வீட்டில் அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகஸ்டு முப்பத்தொன்றில் நாடு சுதந்திரம் பெற்றபோது எங்களைத் திடலுக்குக் கூட்டிப் போனார். கம்போங் செட்டிக்காரர்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள், அவரைக் கண்டதும் பாதையின் மறுபக்கம் போனார்கள். அவர் எனக்கு ஐஸ் உருண்டை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சில வருஷங்களுக்கு முன் காஜா பெராங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் கெபாயா உடுத்திய ஓர் அம்மாள், நல்ல பேச்சுக்காரி. பேச்சுவாக்கில் பார்த்தால் வீட்டுக்காரம்மாவின் தங்கை மகள். பெரியம்மா சாகும்வரை பிப்ரவரி இருபதாம் தேதி வந்தால் சமைப்பதே இல்லை என்றார். அந்த வீட்டில் ஒரு தமிழ் லாரி டிரைவரை வாடகைக்கு வைத்தார்கள், அவன் போலீசில் சொல்லிக் கொடுத்து அந்தச் சாப்பாட்டையும் கெடுத்துவிட்டான், எங்கள் குடும்பத்தில் இன்றும் அந்த ஆளைச் சபிக்காமல் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் அந்தப் பக்கம் இருந்தவர்தானே, அந்த டிரைவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.